பித்தப்பை இல்லாத பிழைப்பு

மனித சரீரத்தில் சில அவயவங்கள் பெரும் கீர்த்தி பெற்றவை. இருதயத்தைப் பாடாத கவி இல்லை. கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூளையைச் சிறிதும் உபயோகிக்காதவர்கள்கூட மூளையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். பித்தப்பைக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை. கல்லீரலுக்கு அடியில், சிறிய கத்தரிக்காய் ஒன்றைத் தொங்கவிட்டது போல, இருக்கும் இடம் தெரியாமல் இருந்து வருகிறது. நம்மிடம் அது இருந்த நாற்பத்திரண்டு வருஷ காலத்தில் ஒரு தடவையாவது அதை நாம் நினைத்ததுண்டா என்றால், இல்லை. அதில் கற்கள் சேர்ந்து, ஒரு நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே யாரோ திருகாணியை முறுக்குவது போன்ற வலி கண்ட பிறகு, ஒரு மாத காலம் வேறெதையும் நினைக்கவில்லை. மூன்று வருஷங்களுக்கு முன்பு அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு அதை நினைக்காத நாளே கிடையாது.

தமிழர்களுக்குப் பித்தம் என்ற சொல் புதிதல்ல. தலை சுற்றினால் பித்தம். வாய் கசந்தால் பித்தம். இளவயதில் நரை தோன்றினாலும் பித்தம். சுந்தரமூர்த்தி நாயனாரோ சிவபெருமானையே பித்தன் என்று அழைத்து அந்தச் சொல்லுக்குத் தனிப் பெருமை தேடித் தந்துவிட்டார். ஆகையால் நமக்குப் பித்தப்பையை எடுத்தாகிவிட்டது என்ற செய்தி பரவியதும், உற்றார் உறவினர் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "பித்தமே போய்விட்டது, இனி எதை வேண்டுமானாலும் தின்னலாம்" என்பது ஒரு கட்சி. "தங்குவதற்கு இடமில்லாமல் போன பித்தம் எங்கே போகும்? தலைக்குத்தான் ஏறும்" என்பது இன்னொரு கட்சி. சித்த வைத்தியம் சொல்லும் பித்தம் உடம்பு முழுவதும் பரவியுள்ள ஒரு தன்மை. பித்தப்பையில் இருந்தது கல்லீரல் சுரக்கும் பச்சை கலந்த மஞ்சள் நீர். இரண்டுக்கும் பெயர் ஒன்றாயிருப்பதால் வந்த குழப்பம் இது. இந்தக் குழப்பத்தின் பலனாக நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த லேகியங்களையும் சூரணங்களையும் வைக்கத் தனி அலமாரி தேவைப்பட்டது.

ரண சிகிச்சை பெரிய காரியமில்லை என்று டாக்டர்கள் சொன்னது வாஸ்தவந்தான். பித்தப்பையை முதன்முதலாக எடுத்தவர் கார்ல் லாங்கன்பூக் என்னும் ஜெர்மானியர். பெர்லின் நகரில், 1882-ம் வருஷம் ஜூலை மாதம் 15-ம் தேதி. அதுவரையில் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுப்பதே வழக்கமாயிருந்தது. கல்லை விளைவிக்கும் நிலமே அந்தப் பைதான் என்றால், நிலத்தை விட்டு வைப்பானேன் என்பது அவருடைய வாதம். அதற்கப்புறம் நூறு வருஷ காலம், விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளம் கீறித்தான் எடுத்து வந்தார்கள். 1985-ல் எரிக் மூஹே என்ற இன்னொரு ஜெர்மானியர் சிறு துளைகள் வழியாகக் குழாயைச் செலுத்தி எடுத்தார். 1990-ல் பம்பாயில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா இந்த முறையை நம் தேசத்தில் முதன்முதலாகச் செய்து காட்டினார். அங்கே பிறந்த வித்தை ஐந்தே வருஷத்தில் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. ரயில் வண்டிகூட அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. நமக்கும் நாலு துளைகள்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பதினைந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் சாக்கட்டியும் கையுமாக நின்றோம்.

ஆனால் ஒரு விஷயம். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். தையலை நனைக்கக் கூடாது, குடத்தைத் தூக்கக் கூடாது, இத்தனை நாள் இந்த மாத்திரை என்று விவரமாக அச்சிட்டிருந்தது. ஆகாரத்தைப் பற்றி இரண்டே வார்த்தைகள்: 'வழக்கமான உணவு.' யாருடைய வழக்கம்? கும்பகோணத்துக் குடும்பமொன்றின் வழக்கம் என்னவென்று அந்தக் காகிதத்தை அச்சடித்தவருக்குத் தெரியுமா? விடிந்ததும் வெறும் வயிற்றில் திக்கான டிகிரி காப்பி. ஒன்பது மணிக்கு நெய் மிதக்கும் பொங்கல். மாலையில் வாழைக்காய் பஜ்ஜி. இதுதான் வழக்கமான உணவென்றால், அந்த வழக்கத்தை நம் வயிறு ஏற்க மறுத்து ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிவிட்டது.

அது ஏன் மறுத்தது என்பதைக் காவேரிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு விளக்குவது சுலபம். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. அதற்கு முன்பு காவேரியில் தண்ணீர் வந்தபோது வந்தது, வராதபோது வரவில்லை. கரிகாலன் கட்டிய கல்லணை தண்ணீரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பிரித்து விடுமே தவிர, தேக்கி வைக்காது. மேட்டூர் வந்த பிறகே, வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறுவைக்கு வேண்டும்போது மதகைத் தூக்கி விடுவது சாத்தியமாயிற்று. பித்தப்பை என்பது நம் வயிற்றிலுள்ள மேட்டூர். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரையில் பித்தநீரைச் சுரக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அந்த நீர் பைக்குள் ஏறித் தங்கும். பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லி லிட்டர்தான். ஆனால் அது உப்பளத்தைப் போல் நீரை வற்றவைத்துச் சரக்கைக் கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும். கொழுப்புள்ள ஆகாரம் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் வாசலை மிதித்ததும், அங்கிருந்து ரத்தத்தின் மூலமாக ஒரு செய்தி புறப்படுகிறது. அந்தச் செய்திக்காரனுக்கு, 'பித்தப்பையை அசைப்பது' என்னும் பொருள்பட, கோலிஸிஸ்டோகைனின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐவி, ஓல்ட்பர்க் என்ற இருவர் 1928-ல் அமெரிக்காவில் அதைக் கண்டறிந்தார்கள். செய்தி வந்ததும் பை சுருங்கும், மதகு திறக்கும், கெட்டிப் பித்தநீர் பாய்ந்து நெய்யையும் எண்ணெயையும் துளித் துளியாக உடைத்துக் கரைத்துவிடும்.

மேட்டூரை இடித்துவிட்டால் என்ன ஆகும்? காவேரி வற்றிவிடாது. கல்லீரல் அதன் பாட்டுக்குச் சுரந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பித்தப்பை இல்லாதவருக்கு ஜீரணமே நடக்காது என்பது தவறு. அணை போய்விட்டதே தவிர, கல்லணை இருக்கிறது. அதாவது பித்தக் குழாய் குடலில் சேரும் இடத்தில் ஒரு சிறிய தசை வளையம் இருக்கிறது. அதை 1887-ல் ஆராய்ந்து எழுதிய இத்தாலியருக்கு ஓடி என்று பெயர். பேதியைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்து வாய்த்த பொருத்தத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் கல்லணையால் முறைப்படுத்தத்தான் முடியும், தேக்க முடியாது. பித்தநீர் பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலில் கசிந்துகொண்டே இருக்கிறது. விருந்து வரும்போது வேண்டிய அளவுக்குக் கெட்டியாக அது இல்லை. பட்டினி கிடக்கும்போதோ செய்வதற்கு வேலை இல்லாமல் குடலில் திரிகிறது. வேலையில்லாதவன் ஊரில் திரிந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடக்கிறது.

பித்தப்பையை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதனாலெல்லாம் ஒன்றும் ஆவதில்லை. சில வாரங்களில் குடல் புதிய ஏற்பாட்டுக்குப் பழகிவிடுகிறது. உலகத்தில் எத்தனையோ ஜீவன்கள் பித்தப்பையே இல்லாமல் சுகமாக வாழ்கின்றன. குதிரைக்கு அது கிடையாது. புறாவுக்குக் கிடையாது. கோயில் யானைக்கும் கிடையாது. அது வெல்லக் கட்டியையும் சோற்றுக் கவளத்தையும் வாங்கி விழுங்கிவிட்டு ஆசீர்வாதமும் செய்கிறது. எலிக்கு இல்லை, சுண்டெலிக்கு உண்டு என்பது அதைவிட விசித்திரம். குதிரையைப் போலவும் யானையைப் போலவும் வாழக் கொடுத்து வைத்தவர்களுக்கு நம் வந்தனம். நாம் மற்ற வகையைச் சேர்ந்தவர்கள். சாப்பிட்ட அரை மணிக்குள் வயிறு கடமுடவென்று பேச ஆரம்பிக்கும், பிறகு அவசரம். ஒரு நாளில் மூன்று தடவை, சில நாள் ஐந்து தடவை.

இந்த அவசரம் என்பது என்ன என்று பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்குத்தான் பூரணமாகத் தெரியும். ஒரு பீரியடுக்கு 40 நிமிஷம். வகுப்பில் ஐம்பது குழந்தைகள். ஆசிரியைகளுக்கென்று ஏற்பட்ட கழிப்பறை, சைக்கிள் கொட்டகைக்கு அப்பால், மைதானத்தின் கோடியில். அதன் சாவி ஆபீஸ் அறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. சாவியை எடுக்க வேண்டுமானால் குமாஸ்தாவின் மேஜையையும் தலைமையாசிரியரின் அறையையும் தாண்டிப் போக வேண்டும். இரண்டாவது பீரியடில் 1757-ம் வருஷத்துப் பிளாசிப் போர். கிளைவின் சேனை மாந்தோப்பில் அணிவகுத்து நிற்கிறது. மழை வந்து நவாபின் வெடிமருந்தை நனைக்கிறது. அந்தச் சமயம் பார்த்து நம் வயிற்றில் மீர் ஜாபர் கட்சி மாறுகிறான். போரை அந்த நிலையில் விட்டுவிட்டு மைதானத்தைக் கடந்து போவதும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவதும் வங்காளத்தை இழப்பதைவிடக் கஷ்டமான காரியம். குழந்தைகள் நல்லவர்கள்; சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நாம் எழுந்ததும் முன் பெஞ்சுப் பெண் ஓடிப்போய்ச் சாவியை வாங்கி வந்து தயாராக நீட்டினாளே, அதுதான் தொண்டையை அடைத்தது.

பஸ் பிரயாணம் தனிக் கதை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு 40 கிலோமீட்டர்தான். பாபநாசம், அய்யம்பேட்டை என்று ஊர்ப் பெயர்களை மற்றவர்கள் கோயிலையும் கடைத்தெருவையும் கொண்டு நினைவு வைத்துக்கொள்வார்கள். நாம் வேறொரு வசதியைக் கொண்டு நினைவு வைத்திருக்கிறோம். எந்த ஊரில் இறங்கினால் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் மூன்றும் ஒருங்கே கிடைக்கும் என்று யாராவது படம் வரைந்து வெளியிட்டால், ஸ்தல புராணங்களைவிட அது அதிகம் விற்கும் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை விருந்தோம்பல். தமிழ் நாட்டில் ஒருவர் இலையில் உட்கார்ந்து 'போதும்' என்று சொன்னால், அதற்கு 'இன்னும் கொஞ்சம்' என்று அர்த்தம். நம் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் வீட்டுக் கல்யாணத்தில் நெய்க் கிண்ணத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நெய் வேண்டாம், பெரியம்மா."

"பருப்புக்கு நெய் இல்லாமலா? இது கடை நெய் இல்லையடி, வீட்டில் காய்ச்சினது."

"டாக்டர் சொல்லியிருக்கிறார், பெரியம்மா."

"அறுத்துப் போட்ட உடம்புக்குத் தெம்பு வேண்டாமா? டாக்டரா வந்து உன்னைத் தூக்கி நிறுத்தப் போகிறார்?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கரண்டி நெய் இறங்கிவிட்டது. அந்தக் கரண்டியில் இருந்தது அன்பு என்பதில் சந்தேகமில்லை. பித்தநீர் போதாத குடலுக்கு மட்டும் அன்பையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போதெல்லாம் நாம் ஓர் உபாயம் கையாளுகிறோம். நெய் வருவதற்கு முன்பே ரசத்தைக் கேட்டு வாங்கிச் சோற்றில் விட்டுக்கொண்டு விடுகிறோம். ரசஞ் சாதத்தில் நெய் விட யாரும் வற்புறுத்துவதில்லை; பரிமாறுகிறவர் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறார்.

ஆசிரியத் தொழில் செய்கிறவர்களுக்கு எதையும் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதினால்தான் நம்பிக்கை பிறக்கும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நேரம், ஆகாரம், அளவு, பலன் என்று நாலு கட்டம் கிழித்து எழுதி வந்தோம். மூன்று வாரத்தில் சில விஷயங்கள் துலங்கின. நாம் குற்றவாளி என்று நினைத்திருந்த பூண்டு நிரபராதி. காப்பிதான் பலே கைகாரன். இரவெல்லாம் வெறும் குடலில் பித்தநீர் கசிந்து நிற்கும். விடியற்காலையில் காப்பி போய்ப் பெருங்குடலைத் தட்டி எழுப்பும். அப்புறம் கேட்க வேண்டுமா? காப்பியை விடச் சொல்லிக் கும்பகோணத்துக்காரருக்கு யோசனை சொல்வது தர்மமல்ல. நாம் விடவுமில்லை. இரண்டு இட்டிலி சாப்பிட்ட பிறகு, பாதி டம்ளர், அவ்வளவுதான். அந்த ஒரு மாறுதலினாலேயே காலைத் தொந்தரவில் பாதி அடங்கிற்று.

இன்னொன்று: என்ன சாப்பிட்டோம் என்பதைவிட, எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தோம் என்பது முக்கியம். கிருத்திகையன்று பகலெல்லாம் உபவாசம் இருந்து இரவில் வயிறாரச் சாப்பிட்டோமானால் மறுநாள் நோட்டுப் புத்தகம் சிவப்பு மையாகிவிடும். வழக்கமாக மூன்று வேளையில் சாப்பிடுவதையே ஐந்து வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாகச் சாப்பிட்டால் கசிகிற பித்தநீருக்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கிறது. பதினொரு மணி இடைவேளையில் ஒரு வாழைப்பழமும், நாலு மணிக்கு ஒரு கிண்ணம் மோரில் ஊறிய அவலும் நம் கைப்பையில் ஏறியது இப்படித்தான்.

எண்ணெய்க் கணக்கைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வீட்டில் சமைப்பவரும் நாமே. நாம் நாலு பேர். மாதம் 4 லிட்டர் நல்லெண்ணெயும் கடலெண்ணெயுமாக வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை. நாலு பேருக்கு முப்பது நாளைக்குப் பங்கிட்டால், தலைக்கு நாளொன்றுக்கு 30 கிராம். இது கண்ணுக்குத் தெரிகிற எண்ணெய். கண்ணுக்குத் தெரியாதது வேறே இருக்கிறது. தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நிலக்கடலையில் கிட்டத்தட்டப் பாதி. எண்ணெயே விடாமல் இட்டிலி சாப்பிடுகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டு, அரை மூடித் தேங்காயை அரைத்த சட்டினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அவர் விரதம் அந்தக் கிண்ணத்தில் கரைந்துபோகிறது. வீட்டில் இப்போது மாதம் 2 லிட்டர்தான் வாங்குகிறோம். தாளிப்பதற்குக் குழிக்கரண்டி போய்த் தேக்கரண்டி வந்திருக்கிறது. தேங்காய்ச் சட்டினிக்குப் பதில் கொத்துமல்லித் துவையல். வீட்டுக்காரருடைய ரத்தக் கொழுப்பும் இதனால் குறைந்தது என்று அவருடைய டாக்டர் மெச்சினார். நம் பித்தப்பை போனதால் அவருக்கு லாபம்.

இதற்காகக் கொழுப்பை அடியோடு துறந்துவிடுவதும் சரியல்ல. ஏ, டி, ஈ, கே என்னும் ஜீவசத்துக்கள் கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும். ஒரு நாளைய எண்ணெயை ஒரே வேளையில் கொட்டாமல் எல்லா வேளைக்குமாகச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுத்தால் குடல் மறுப்பதில்லை. நார்ச்சத்திலும் இரண்டு வகை இருக்கிறது. வெந்தயத்திலும் இசப்கோலிலும் உள்ளது தண்ணீரைப் பிடித்துக் கூழாகிற வகை. அது குடலில் ஓடுகிறதைக் கொஞ்சம் நிறுத்திக் கெட்டிப்படுத்துகிறது. ஆனால் ஆவலோடு முதல் நாளே மூன்று கரண்டி விழுங்கினால் வயிறு ஊதிப் பறையடிக்கும். அரைக் கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீர் குடித்து, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தினால் தொல்லை பாதியாயிற்று. மறு பாதி அசைய மாட்டேன் என்றது. எட்டாவது மாதத்தில் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு, தஞ்சாவூரில் ஜீரண உறுப்புக்களைப் பற்றித் தனியாகப் படித்துத் தேறிய ஒரு டாக்டர் அம்மாளிடம் போனோம். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நம் உத்தியோக வாழ்க்கையில் நாம் திருத்திய நோட்டுக்கள் லக்ஷக்கணக்கில் இருக்கும். நம்முடைய நோட்டை இன்னொருவர் அவ்வளவு சிரத்தையோடு படித்தது அதுதான் முதல் தடவை. ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, பித்தக் குழாயில் கல் எதுவும் தங்கிவிடவில்லை, குடலில் வேறு வியாதியும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். பால் ஒத்துக்கொள்ளாத தன்மையும், தைராய்டுக் கோளாறும் இதே வேஷத்தில் வருமாம். ஆகையால் எல்லாப் பழியையும் போய்விட்ட பித்தப்பையின் தலையில் போட்டுவிடக் கூடாது. பிறகு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் குடலைப் படமாக வரைந்தார்.

பித்தநீரின் சாரமான பித்த அமிலங்களை உடம்பு வீணாக்குவதில்லை. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி 100-க்கு 95 பங்கை உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதே சரக்கு ஒரே நாளில் பல தடவை சுற்றி வருகிறது. ஓயாமல் கசிகிறபோது உறிஞ்ச முடியாமல் மிஞ்சியது பெருங்குடலுக்குள் இறங்கிவிடுகிறது. பெருங்குடலுக்கு அது ஆகாது. உடனே தண்ணீரைச் சுரந்து அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. "இதற்குப் பித்த அமிலப் பேதி என்று பெயர். மருந்து இருக்கிறது" என்றார் டாக்டர் அம்மாள். பெயர் என்று ஒன்று இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் மருந்து என்றது உடனே காதில் விழவில்லை. 'எல்லாம் மனசுதான்' என்றும், 'பள்ளிக்கூடத்துக் கவலை' என்றும், 'காப்பியைக் குறையுங்கள்' என்றும் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த காதல்லவா?

மருந்துக்குக் கோலெஸ்டிரமைன் என்று பெயர். ஒரு பொட்டலத்துக்கு 4 கிராம். தண்ணீரில் கலக்கினால் கரையாது. ஆற்று மணலைக் கலக்கிக் குடிப்பது போலிருக்கும். உலர்ந்த தூளாக வாயில் போட்டுக்கொள்ளவே கூடாது. அது உடம்பில் ஏறுவதில்லை; குடலிலேயே இருந்து பித்த அமிலங்களைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. இந்தக் குணத்தினாலேயே அதனிடம் ஒரு ஜாக்கிரதை வேண்டும். எதிர்ப்பட்ட மற்ற மருந்துகளையும் அது பிடித்துக் கட்டிவிடும். ஆகையால் மற்ற மாத்திரைகளை இதற்கு ஒரு மணி முன்னதாகவோ, நாலிலிருந்து ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் இதை மறக்கக் கூடாது. அளவு அதிகமானால் மலச்சிக்கல் வந்து சேரும். நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு முன்சொன்ன ஜீவசத்துக்களும் குறையலாம். டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் குடிக்கிற மருந்தல்ல இது. நமக்கு நாலாவது நாள் பலன் தெரிந்தது. பிளாசிப் போரிலிருந்து பக்ஸார் போர் வரையில் இடைவெளி இல்லாமல் நடத்தி முடித்தோம்.

பேதியைத் தவிர வேறு குறிகள் கண்டால் நோட்டுப் புத்தகமும் வேண்டாம், வெந்தயமும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேயிலைத் தண்ணீரைப் போலாவது, மலம் வெளுத்து மண் நிறமாவது, குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல், பழைய இடத்தில் பழைய வலி: இவையெல்லாம் பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பதைக் குறிக்கலாம். பையை எடுத்த பிறகு கல் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். குழாயில் முன்பே நழுவி விழுந்தது தங்கியிருக்கலாம். குழாயிலேயே புதிதாகவும் உண்டாகலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் இளைப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி ஆகியவையும் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. கண் மஞ்சளான ஒரு பந்து கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு பத்து நாள் வீட்டில் இருந்ததை நாம் அறிவோம். அவர் பிழைத்தது அவருடைய மகள் பிடிவாதக்காரியாக இருந்ததனால்.

இத்தனையையும் பத்திரிகையில் எழுதலாமா என்று ஒரு சிநேகிதி கேட்டார். வயிற்றைப் பற்றிப் பேசலாமாம். அதற்குக் கீழே பேசக் கூடாதாம். இந்த மரியாதையெல்லாம் காந்தி மகானுக்குத் தெரியாது. 1918-ல் கேடா ஜில்லாவில் அலைந்து திரிந்தபோது கடுமையான சீதபேதி கண்டு, உயிரே போய்விடும் என்று அவர் நினைத்த நிலையை, எத்தனை தடவை என்பதைக்கூட மறைக்காமல் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பால் சாப்பிடுவதில்லை என்ற விரதம் குறுக்கே நின்றபோது, ஆட்டுப்பாலைச் சாப்பிடலாமே என்று எடுத்துச் சொன்னவர் கஸ்தூரிபாய். 1924 ஜனவரியில் புனா ஆஸ்பத்திரியில் அவருக்குக் குடல்வால் சிகிச்சை நடந்த இரவில் மின்சார விளக்கு அணைந்துபோய், ஹரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். சிகிச்சைக்குச் சம்மதமென்று அன்றைக்கு அவர் கையெழுத்திட்ட வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். சிறையில் இருந்த தலைவர் ஒருவரின் குடல்வால் தேசத்தின் விஷயமானால், வீட்டில் இருக்கும் ஒரு தாயாரின் குடல் குறைந்தபட்சம் வீட்டின் விஷயமாகவாவது இருக்க வேண்டாமா? எத்தனையோ பெண்மணிகள், கல்யாணத்துக்கு வரவில்லை, கோயிலுக்கு வரவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அந்தத் தலைவலி தலையில் இல்லை.

நம் வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். வெளியே போக வேண்டிய பெண் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை. எழுந்து போய்விட்டு வரலாம். இதனால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று எச்சரித்தார்கள். கெடவில்லை. தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்கூட நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பெண்கள் இப்போது தண்ணீர்ப் புட்டியோடு வருகிறார்கள். சாவியை ஆபீஸ் ஆணியிலிருந்து எடுத்து ஆசிரியைகள் அறையில் மாட்டவும் ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது.

மருந்துப் பொட்டலம் முதலில் நாளுக்கு ஒன்றாக இருந்தது, இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது. மோசமான நாட்கள் வராமல் இல்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு வரத்தான் செய்கின்றன. சென்ற தீபாவளிக்குப் பெரியம்மா ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: 'எண்ணெயை நன்றாகப் பிழிந்துவிட்டேன்.' இரண்டு சல்லடைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிழிந்திருக்கிறார். அழுத்திய தழும்பு ஒவ்வொன்றிலும் தெரிந்தது. மத்தியானச் சாப்பாடு ஆன பிறகு, பாதி அதிரசத்தைப் பிட்டு, பத்து நிமிஷ நேரம் மென்று தின்றோம். நோட்டில் எழுதியும் வைத்தோம். மறு நாளும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறைதான்.